மூவாயிரம் ரூபாய் லேப்டாப்

மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு புது லேப்டாப் கிடைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

சத்தம் போடாமல் வாங்குவீர்கள். நானும் அப்படித்தான். என் மச்சான் என்ன செய்தார் என்பதுதான் இந்த வாரக் கதை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன் தண்டபாணி. சிதம்பரம் மேல வீதியில் பாத்திரக்கடை. பகல் முழுக்க ஜனங்கள் அவரிடம் பேரம் பேசுவார்கள். கடையைப் பூட்டிவிட்டு அவர் ஊரிடம் பேரம் பேசுவார். கத்தரிக்காய்க்காரர், ஆட்டோக்காரர், பல் டாக்டர்... யாரையும் விட்டதில்லை. "சொன்ன வெலையக் குடுத்துட்டு வந்தா நம்மளப் பத்தி அவன் என்னா நெனைப்பான்?" என்பார்.

அவருடைய மகள் சுபா எம்.சி.ஏ. கடைசி வருஷம். புராஜெக்ட் நடக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் லேப்டாப்பும் கையுமாக இருக்க, இவள் மட்டும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் தன் முறைக்காகக் காத்துக்கிடக்கிறாள். ஒரு நாள் கரண்ட் போய், அதுவரை அடித்ததெல்லாம் காலி. அப்பாவிடம் லேப்டாப் கேட்டால் ஒரு வருஷமாக ஒரே பதில்தான்: "வெல எறங்கட்டும்மா."

இறங்கியது பாருங்கள்!

போன மாதம் ஒரு சாயங்காலம், கடலூரில் இருக்கும் எனக்கு சுபாவிடமிருந்து போன். மூச்சு வாங்குகிறது.

"மாமா, கம்ப்யூட்டர ஆன் பண்ணுங்க. கிரெடிட் கார்ட எடுத்துக்குங்க. நான் சொல்ற சைட்டுக்குப் போங்க."

போனேன். 29,990 ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் 2,999. கடைசி சைபரை யாரோ விழுங்கியிருந்தார்கள்.

"இது தப்பும்மா. எவனோ கை தவறி அடிச்சிருக்கான்."

"தெரியும் மாமா. அவன் கண்டுபிடிக்கறதுக்குள்ள ஆர்டர் போடுங்க!"

இது நியாயமா என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கார்டு நம்பரை அடித்தேன். ஆர்டர் ஏற்கப்பட்டது, ஐந்து நாளில் சிதம்பரத்துக்கு வந்துசேரும் என்று மெயிலும் வந்தது. சுபா போனிலேயே கத்தினாள், சிரித்தாள். லேப்டாப் கைக்கு வரும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். என் மனைவி பக்கத்து வீட்டில்கூட மூச்சு விடவில்லை. அதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?

மறுநாள் மதியம் மச்சான் கடையில் வியாபாரம் டல். சும்மா உட்கார்ந்திருந்த மனிதர், அந்த மெயிலிலிருந்து சுபா என்னிடம் கேட்டுக் குறித்துவைத்திருந்த கஸ்டமர் கேர் நம்பரைப் போட்டுவிட்டார். எதற்கு என்கிறீர்கள்?

"ஏம்மா, லேப்டாப்புக்கு மூவாயிரம்னு போட்டிருக்கீங்களே... கொஞ்சம் பாத்துப் போடக்கூடாதா?"

"சார்... லேப்டாப் மூவாயிரமா சார்?"

"அதான் ஜாஸ்தின்றேன்! ரெண்டாயிரத்து ஐநூறுன்னு முடிச்சுக்கலாம். நானும் கடக்காரன்தாம்மா, நமக்குள்ள என்னா?"

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்."

போனில் மியூசிக் ஓடுகிறது. அந்த நேரம் பார்த்து சுபா கடைக்குள் வந்திருக்கிறாள். மச்சான் போனைக் கையால் பொத்திக்கொண்டு பெருமையாகச் சொன்னாராம்: "மொதலாளிகிட்ட கேக்கப் போயிருக்கு. கொறைஞ்சிடும்."

பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலமே மெயில் வந்துவிட்டது. விலையில் பிழை நேர்ந்துவிட்டது, ஆர்டர் ரத்து, பணம் திரும்பி வரும், வருந்துகிறோம்.

சுபா அழுத அழுகை இருக்கிறதே! "ஒரு வருஷம் காத்திருந்தேன் மாமா. அஞ்சு நாள் அவரால சும்மா இருக்க முடியலியா?" அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அவர் போன் பண்ணாவிட்டாலும் அந்த விலைக்கு எவனும் அனுப்பியிருக்க மாட்டான், லாரியில் ஏற்றுவதற்குள் யாராவது பார்த்திருப்பார்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. திட்டுவதற்குக் கம்பெனியா எதிரே நிற்கிறது? அப்பாதானே நிற்கிறார்!

மச்சானும் உடைந்துதான் போயிருந்தார். "பழக்கதோஷம் மாப்ள. புள்ள மூஞ்சியப் பாக்கவே முடியல" என்றார். எனக்கு இருந்த கோபம்கூடப் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கடலூருக்கே வந்துவிட்டார், லேப்டாப் வாங்க. புராஜெக்ட் ரிவ்யூவுக்கு இன்னும் இரண்டே வாரம். சுபா ஒரு கண்டிஷன் போட்டிருந்தாள்: "கடையில நீங்க வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா நான் எறங்கி நடந்து போயிடுவேன்."

மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. சுபா ஒரு லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தாள். கடைக்காரர் முப்பத்திரண்டாயிரம் என்றார்.

மச்சான் பேசவில்லை. கழுத்து நரம்பு புடைக்கிறது, உதட்டை மடித்துக் கடிக்கிறார், ஃபேனைப் பார்க்கிறார். சுபா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

கடைக்காரருக்குக் கலவரமாகிவிட்டது. நியாயம்தானே? விலை ரொம்பக் குறைவாக இருந்தால் நமக்குச் சந்தேகம் வருகிறது. பேரமே பேசாத ஆள் வந்து நின்றால் கடைக்காரருக்குச் சந்தேகம் வராதா?

"சார், வேற எங்கியாவது வெல கேட்டுட்டு வந்தீங்களா?"

பதில் இல்லை.

"சரி, முப்பத்தொண்ணு குடுங்க."

மச்சான் ஃபேனையே பார்த்தார்.

"முப்பது சார்! பேக், மவுஸ் ஃப்ரீ. இதுக்கு மேல எனக்குக் கட்டாது."

"ஓகே அங்கிள்!" என்று சுபா துள்ளிவிட்டாள்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்தாள் சுபா. எத்தனையோ நாள் கழித்து அப்பா தோளில் சாய்ந்திருந்தாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. பஸ் கிளம்பும்போது மச்சான் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். கண்ணில் ஈரம்தான். ஏதோ உருக்கமாகச் சொல்லப்போகிறார் என்று கிட்டே போனேன்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் பேசாம நின்னுருந்தா பிரிண்டரும் குடுத்துருப்பான் மாப்ள... இவதான் அவசரப்பட்டுட்டா!"