கைக்குட்டையின் சிவப்பு

கண்டியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் புடவைக்கடையில் நான் வேலை பார்த்த காலம் அது. நிறம் விற்றுச் சோறு தின்றவன் நான். அரக்கு, குங்குமம், மாதுளை, செம்பருத்தி என்று சிவப்பை மட்டுமே பல தினுசாகப் பிரித்துச் சொல்லுவேன். தெல்தோட்டையிலிருந்து தீபாவளிக்குத் துணியெடுக்க வரும் பெண்கள் பொதுவாகச் சிவப்பு என்று கேட்டால், எந்தச் சிவப்பு என்று குறுக்குக் கேள்வி போட்டு அவர்களை ஒருவழி பண்ணிவிடுவேன். அப்படிப்பட்ட என்னை ஒரு கைக்குட்டை முட்டாளாக்கியது.

மழைக்காலம். எனக்கு இருமல் விட்டபாடில்லை. கண்டியில் அந்த மாதங்களில் யார்தான் இருமவில்லை என்று நானும் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் கடை விட்டு வந்தபோது என் மனைவி குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் என் கைக்குட்டை. சவர்க்காரம் போட்டு அலசாமல் பாதியில் விட்டிருந்தாள். நடுவில் செக்கச்செவேலென்று ஒரு திட்டு.

"இது என்னங்க?" என்றாள்.

"எது?"

"அழுக்குத் துணியோட கெடந்துச்சு. முக்குறப்ப நான் பாக்கல. சவுக்காரம் போட்டுக் கசக்குறேன், ரத்தமா வருது."

சயரோகத்துக்கு அன்று மருந்து கிடையாது. அந்தச் சொல்லை நாங்கள் இருவருமே வாயால் சொல்லவில்லை. எனக்கு இரத்தம் வந்தால் எனக்குத் தெரியாதா என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தால் எனக்கே நிச்சயமில்லை. இருமிவிட்டு வாயைத் துடைத்துச் சட்டைப்பையில் போடுகிறவன், கைக்குட்டையை விரித்தா பார்க்கிறான்?

அதன் பிறகு கண் என் பேச்சைக் கேட்கவில்லை. தெருவெல்லாம் வெற்றிலை எச்சில். தினமும் மிதித்துப் போன எச்சில்தான், ஆனால் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றேன். இத்தனை சிவப்புக்கு நடுவில் ஒருவன் இரத்தம் துப்பினால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. தட்டில் சிவந்த மிளகாய்ச் சம்பலைக் கண்டால் சாப்பாடு இறங்கவில்லை. கடையிலும் நிறம் பிசகியது.

"என்னா தம்பி, செவப்பு கேட்டா ஊதாவ எடுத்துப் போடுறீங்க? கண்ணு எங்க ஈக்குது?" என்றார் முதலாளி.

எந்தச் சிவப்பு என்று கேட்க எனக்கு இப்போது துணிவில்லை.

வீட்டில் அவள் போக்கும் எனக்குப் புரியவில்லை. கைக்குட்டைக்கு முன்பிருந்தே பாயைத் தள்ளிப் போட்டுத்தான் படுத்தாள். என் இருமல் சத்தம் தாங்காமல் என்று நினைத்திருந்தேன். இப்போது தட்டும் குவளையும் தனி. அதிலும் என்னுடையதை விட்டுவிட்டு, தன்னுடையதை மூலையில் ஒதுக்கி வைத்துக்கொண்டாள். பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பன்விலத் தோட்டத்தில் நோயையும் சாவையும் பார்த்துக் கணக்கப்பிள்ளை மகளாக வளர்ந்தவளுக்கு உயிர் மேல் இத்தனை ஆசையா என்று மனசுக்குள் திட்டினேன். எனக்கு அழுகையாகவும் இருந்தது.

டாக்டரிடம் போனேன். நெஞ்சிலும் முதுகிலும் தட்டிப் பார்த்து, குழல் வைத்துக் கேட்டார். நெஞ்சில் ஒரு குறையும் கேட்கவில்லை, ஆனாலும் இரத்தம் வந்ததென்றால் சும்மா விட முடியாது, மறுபடி வா என்றார். போனதைவிட அதிகக் குழப்பத்தோடு திரும்பினேன்.

வீட்டுக்குள் நுழைய அவள் விடவில்லை. குழாயடியில் யாரோ கண் வைத்துவிட்டார்களாம், ஆலத்தி சுற்ற வேண்டுமாம். தட்டில் தண்ணீர் ஊற்றி, மஞ்சளைக் கரைத்து, சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டாள். தண்ணீர் சிவந்தது. பிறந்ததிலிருந்து கல்யாணத்திலும் பிள்ளைப்பேற்றிலும் பார்த்த சிவப்பு. வாசற்படியில் வைக்க எலுமிச்சம்பழமும் அறுத்து வைத்திருந்தாள். அதை எடுத்து என் தலையைச் சுற்றியபோது சாறு ஒரு சொட்டுத் தட்டில் விழுந்தது. விழுந்த இடம் மஞ்சளானது.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவள் அந்தத் துணிகளை முக்கியதற்கு முந்தின நாள்தான் முதலாளி மகளின் கல்யாணத்தில் மஞ்சள் சோறு சாப்பிட்டிருந்தேன். நெய்யும் மஞ்சளுமாக வழிந்த வாயை அந்தக் கைக்குட்டையில்தான் துடைத்தேன். சுண்ணாம்பில் இருக்கும் காரம்தான் சவர்க்காரத்திலும் இருக்கிறது. ஆலத்தித் தட்டில் காலமெல்லாம் பார்த்ததை ஒரு துணியில் பார்த்ததும் இரத்தம் என்று நம்பிவிட்டோம், இரண்டு பேரும்.

அலசாமலே எடுத்து வைத்திருந்த கைக்குட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பழத்தைப் பிழிந்தேன். சிவப்பு ஓடிப்போய் மஞ்சள் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் பட்ட கறைக்கெல்லாம் சாறு பிழிய வேண்டும் போலிருந்தது. அவள் முந்தானை நுனியில், துவைத்தும் போகாத ஒரு செந்நிறக் கறை தெரிந்தது.

"அதையும் நீட்டு. அதுவும் மஞ்சளாத்தான் இருக்கும்."

அவள் முந்தானையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்துப் பிடித்து வைத்துப் பிழிந்தேன்.

நிறம் மாறவில்லை.

அவள் அதைப் பார்க்கவே இல்லை. என் கைக்குட்டையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கு மஞ்சள்தானேங்க?"

"ஆமா."

"எங்கிட்ட இருந்துதான் ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்" என்றாள். இத்தனை நாளில் அப்போதுதான் அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் இன்னொரு எலுமிச்சம்பழத்தை அறுத்து, அதே இடத்தில் மறுபடியும் பிழிந்தேன்.