காற்று வரும் என்று நின்றவர்

இதனை எழுதிவைக்க வேண்டிய தேவை எனக்கு இரு காரணங்களால் நேர்ந்தது. சென்ற ஆடித் திங்களில் போடிநாயக்கனூர்த் திடலில் கால்பந்து ஆட்டமொன்றின் கோட்டு நடுவனாக நின்று நான் உயர்த்திய ஒரு கொடியைக் குறித்துக் கைப்பேசிக் குழுக்களில் ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் உலவுகின்றன. எதிரணியாரிடம் தேநீர் வாங்கிக் குடித்துவிட்டே நான் கொடியைத் தூக்கினேன் என்பது அவற்றுள் ஒன்று. தேநீர் குடித்தது உண்மை. இடைவேளையில் இரு அணியாருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்துதான் ஊற்றினார்கள். மற்றொரு காரணம், நான் இப்போது வாழும் இங்கிலாந்து வடபுலத்துச் சிறுநகரில் நாள்தோறும் காணும் ஒரு வழக்கம், அன்று நடந்ததோடு வைத்துப் பார்த்த பிறகே எனக்கு விளங்கத் தொடங்கியது என்பதாகும்.

என் அண்டை வீட்டார் கிரகாம் காலையில் வணக்கம் சொல்வதில்லை. பேருந்து நிறுத்தத்தில் என்னருகே வந்து நின்று, மழையைப் பார்த்தவாறே, "அந்தப் பையனை அவன் வெளியே உட்கார வைத்திருக்கக் கூடாது" என்பார். பணி ஓய்வுக்குப் பின் மகனோடு வாழ அந்நகருக்கு நான் வந்த புதிதில், தம் மகளைப் பிரிந்துபோன மருமகனைப் பற்றிப் பேசுகிறார் என்று கருதினேன். இரு வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிவைத்துப் பேசித் தீர்க்கலாமே என்று கூறினேன். அவர் நெடுநேரம் சிந்தித்து, அது நடவாது என்றார். அந்நகர்க் கால்பந்து அணியிலிருந்து விலக்கப்பட்ட முன்னாள் மேலாளர்தான் அந்த 'அவன்' என்பதைச் சில வாரங்கள் கழித்தே அறிந்தேன். ஆட்ட உத்தி தவறு, ஆட்டக்காரர்களை நடத்திய முறை அதனினும் தவறு என்பது கிரகாமின் முடிந்த முடிபு. இத்தனை மனக்குறையையும் அவரிடமே நேரில் சொன்னீர்களா என்று கேட்டேன். "எனக்கு அவரைத் தெரியாதே" என்றார். நான் நகைச்சுவையாகக் கேட்டதாக எண்ணி, அன்று மாலை தம் நண்பர்களிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

போடியிலும் ஒரு முன்னாள் மேலாளர் உண்டு. அவரைத் திட்ட விரும்புவோர் அவரருகே உட்கார்ந்துதான் திட்ட வேண்டும். ஏனெனில் சந்தைச் சாலைத் தேநீர்க் கடையில் இருப்பது ஒரே நீள இருக்கை. அவர் பெயர் ராசாங்கம். ஏலக்காய் வணிகர். காயைச் சல்லடையில் அரித்துப் பருமன் வாரியாகப் பிரிக்கும் தொழிலில் ஊறியவர். அணியை அவர் நடத்திய காலத்தில் அவருடைய உத்தி ஒன்றே ஒன்றுதான். ஆடி மாதத்தில் மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று போடித் திடலில் நிற்பவரின் வேட்டியைக் கொடியாக்கிவிடும். முதற்பாதியில் அக்காற்றை எதிர்த்து அனைவரும் பின்னின்று காப்பது. பிற்பாதியில் பந்தைக் காற்றின் முதுகில் ஏற்றி அனுப்புவது. இவ்வுத்தியால் அவர் தொடர்ந்து வென்றார். அந்நாளில் தமிழாசிரியனாக இருந்த நானே ஒலிபெருக்கியில் வருணனை செய்தேன். ஆஃப்சைடு என்பதை 'முன்னிற்றற் பிழை' என்று நான் முதன்முறை அறிவித்தபோது, இரு அணியாரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தனர்.

பின்னர் ஓர் இறுதி ஆட்டம் மலைமேல், ஏலத்தோட்டத் திடலில் நடந்தது. நாற்புறமும் குன்றுகள், காற்று நுழைய வழியில்லை, மூடுபனி மட்டும் இறங்கியது. ராசாங்கம் வழக்கம்போல் முதற்பாதி முழுவதும் அணியைப் பின்னே நிறுத்தினார். பிற்பாதியில், "காத்து வரும், காத்து வரும்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். ஆட்டம் முடியும் தறுவாயில், அணியின் முதன்மைத் தாக்குநராகிய அந்தோணியை வெளியே எடுத்துவிட்டு வேறொருவரை இறக்கினார். அந்தோணிக்குப் பெண் பேசியிருந்த வீட்டார் ஆட்டம் பார்க்க ஜீப்பில் வந்திருந்தனர். அணி தோற்றது, ராசாங்கம் விலக்கப்பட்டார், திருமணம் மட்டும் குறித்த நாளில் நடந்தது. அந்தோணி அன்று முதல் அவரிடம் பேசுவதில்லை.

சென்ற ஆண்டு நான் ஊர் சென்றிருந்தபோது அந்தோணி மளிகைக் கடை முதலாளி. அணியின் செயலாளரும் அவரே. இருந்த மேலாளர் திடீரென விலகிக்கொண்டதால் இடம் ஒழிந்திருந்தது. ராசாங்கம் மீண்டும் வர விரும்புகிறார் என்ற செய்தி தேநீர்க் கடைக்கு வந்த மாலையில் நானும் அங்கிருந்தேன்.

"ஏலக்காய அரிக்கிற மாதிரில்ல பயலுகள அரிச்சாரு" என்று தொடங்கினார் ஜீப்பு ஓட்டும் முருகேசன். "கொஞ்சம் சிறுத்தவன்னா பொத்துனு கீழ விழுந்துருவான்."

"அரிச்சதாலதான்டா கோப்பை வந்துச்சு. இப்ப என்ன வருது? புழுதிதான் வருது" என்றார் கடைக்காரர் சின்னச்சாமி, தேநீரை ஆற்றியபடியே.

முருகேசனுக்கு அடுத்து அமர்ந்திருந்த ராசாங்கம், "சல்லடப் பேச்சு நல்லாத்தான் இருக்கு மாப்ளே. ஆனா ஒன்னைய நான் சல்லடையில போட்டதே இல்லயே. பாத்தாலே தெரிஞ்சுச்சு" என்றார். முருகேசனும் சேர்ந்தே சிரித்தார்.

அப்போது அந்தோணி வந்தார். இருக்கையின் மறுகோடியில் அமர்ந்து, ராசாங்கத்திடம் சொல்ல வேண்டியதைச் சின்னச்சாமியிடம் சொன்னார். இருவரும் அவ்வாறு பேசிக்கொள்வது அங்கு எவருக்கும் வியப்பன்று.

"அவரு திரும்ப வரணும்னு ஆசப்படுறாராமே?"

"ஆசையெல்லாம் இல்லன்னு சொல்லு" என்றார் ராசாங்கம். "கடைய மகன் பாத்துக்கிறான். காலையில எந்திரிச்சா எனக்கு வேற சோலி இல்ல. அத மட்டும் சொல்லு."

சின்னச்சாமி அந்தோணிக்குத் தேநீரை நீட்டினார். அந்தோணி தேநீரை முழுவதும் குடித்து முடித்தார்.

"மலமேல குரங்கணிக்காரங்களோட ஒரு ஆட்டம் இருக்கு. செயிச்சா வரட்டும். தோத்தாலோ, சமமாப் போனாலோ, இனிமே திடல் பக்கமே வரக் கூடாது. இன்னொண்ணு, ஆட்டம் முடியிற வரைக்கும் ஒரு பயலையும் வெளிய எடுக்கக் கூடாது."

"சரின்னு சொல்லு" என்றார் ராசாங்கம்.

அடுத்துக் கொடி பிடிப்பவர் யார் என்ற சிக்கல் எழுந்தது. யார் பெயரைச் சொன்னாலும் அவர் ராசாங்கத்தின் ஆளாகவோ அந்தோணியின் ஆளாகவோ இருந்தார். முருகேசன்தான் என்னைச் சுட்டினார். "வாத்தியாரப் புடிக்கச் சொல்லுங்க. அவருக்கென்ன, வெளியூரு. பொதுவான ஆளு." அனைவரும் உடனே ஒப்பினர். அக்கடைக்குப் பின்தெருவில்தான் நான் பிறந்தேன் என்று நினைவூட்ட வாயெடுத்தேன்; அது நடுநிலைக்கு ஊறாகலாம் என்று கருதி விட்டுவிட்டேன். புலம்பெயர்ந்தோர் பலர் ஊர் திரும்பியதும் தமக்கு அளிக்கப்படும் சிறப்புகளைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அளிக்கப்பட்டது இது.

ஆட்டத்தன்று காற்றுக்குக் குறைவில்லை. ராசாங்கம் தம் பழைய உத்தியையே கையாண்டார். முதற்பாதியில் போடி அணி காற்றை எதிர்த்துத் தாங்கி நின்றது. பிற்பாதியின் தொடக்கத்திலேயே நடுக்கள ஆட்டக்காரர் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, அவர் நொண்டியபடி ஆடினார். ஆட்டக்காரர்களை வெளியே எடுத்தது கொடுமை என்று ஆண்டுக்கணக்காகக் கூறிவந்த முருகேசனே, "மாத்துங்கண்ணே! அவன் செத்துருவான், மாத்துங்க!" என்று முதலில் கூவினார். ராசாங்கம் கைகட்டி நின்று அந்தோணியைப் பார்த்தார். அந்தோணி மலையைப் பார்த்தார். நொண்டியவர் நொண்டிக்கொண்டே இருந்தார்.

இறுதி மணித்துளிகளில், பின்னிருந்து உதைத்த பந்து காற்றில் ஏறி, குரங்கணித் தடுப்பாளர்களின் தலைக்கு மேலாகப் போடித் தாக்குநரின் காலடியில் விழுந்தது. அவர் அதனை வலைக்குள் தள்ளினார். திடலே எழுந்தது. ஆனால் பந்து உதைபட்ட கணத்தில் அவர் கடைசித் தடுப்பாளரையும் கடந்து முன்னே நின்றிருந்தார். ஓரடி இருக்கும். என் கை கொடியுடன் மேலே இருந்தது. ஆட்ட நடுவர் என்னைப் பார்த்தார். பிறகு கோல் இல்லையென்று கைகாட்டினார்.

"வெளிநாட்டுச் சோறு தின்னுட்டு வந்து எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டாருய்யா!" என்றார் முருகேசன். தோட்டத்திலிருந்து வந்திருந்த குரங்கணித் தடுப்பாளர் ஒருவர், "சேட்டன் நல்ல மனுசன்" என்று மலையாளம் கலந்து சொல்லி என் தோளைத் தட்டிச் சென்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஆட்டம் கோலின்றிச் சமமாக முடிந்தது. சமமானால் என்ன என்பதை முன்பே சொல்லியிருந்ததால், ராசாங்கம் தம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்தோணி நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணே, நெசமாவே ஆஃப்சைடா?"

நான் விடை கூறுமுன், பின்னாலிருந்து ராசாங்கம் பேசினார். "கொடி சரிதான். பய முன்னாடியே போயி நின்னுட்டான். நான் இங்கனருந்து பாத்தேன்."

அந்தோணி திரும்பினார். இடையே சின்னச்சாமி இல்லை.

"அப்ப அன்னைக்கி? மலையில என்னைய வெளிய எடுத்தீகளே, அது?"

"அதுவும் சரிதான்."

"பொண்ணு வீட்டுக்காரவுக பாத்துக்கிட்டு இருந்தாக."

"அவுகளும் பாத்தாக, நானும் பாத்தேன். ஒனக்கு மூச்சு வாங்குச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு, ஒனக்குத்தான் தெரியல." மலைப்பக்கம் கைகாட்டினார். "காத்து வரும்னு நின்னேன் பாரு, அதுதான் என் தப்பு. ஒன்னைய எடுத்தது தப்பில்ல."

அந்தோணி எதிர்பார்த்திருந்தது ஒரு மன்னிப்பு என்று நினைக்கிறேன். சற்றுமுன் தமக்கே கேடாக உண்மை சொன்ன ஒருவர் இப்போது மட்டும் பொய் சொல்கிறார் என்று நினைக்க அவருக்கு வழியில்லாமல் போயிற்று. கெண்டைக்காலைப் பிடித்தபடி தரையில் கிடந்த ஆட்டக்காரரை அவர் நெடுநேரம் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம காலையில பயலுக பயிற்சிக்கு வருவாய்ங்க" என்றார். "வெரசா வந்துருங்க." பின் திரும்பிப் பாராமல் போனார். கிரகாம் தம் குறையை மழையைப் பார்த்துச் சொல்வது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது: அவருடைய 'அவன்' எதிரே நின்று விடை சொல்ல வருபவன் அல்லன்.

குரங்கணி ஜீப்புகள் மலைப்பக்கம் ஏறின. போடிக்காரர்கள் ஊர்ப்பக்கம் கலைந்தனர். கொடியைத் திரும்பப் பெற வந்த ஆட்ட நடுவர், "நீங்க எந்தப் பக்கம் போகணும்?" என்று இயல்பாகத்தான் கேட்டார். நான் கொடியை நீட்டினேன். ஆட்டம் முடிந்தும் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தேன். கோட்டு நடுவன் உள்ளே கால் வைக்கலாகாது. கோட்டை விட்டு அகலவும் ஆகாது. திடல் காலியான பிறகு அவன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதி எழுதப்பட்டிருப்பதாகத் தெரியவில்லை.

அன்று திடலில் இருந்தோர் இக்கட்டுரையில் பிழை காணின் அன்புகூர்ந்து திருத்துக. கொடியைப் பற்றி எனக்கு ஐயமில்லை. அதனை உயர்த்திய கணத்தில் என் கால்கள் கோட்டின் எப்பக்கம் இருந்தன என்பது மட்டும் எனக்குத் தெளிவாக நினைவில்லை. கண்டவர் எவரேனும் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.