இடப்பக்கம் மூடும் வால்வு

கோவிந்தராசு இருபத்தொன்பது வருடமாகப் புதுச்சேரிக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறார். இன்னும் தினக்கூலிதான். என்ஜினியர் படிப்பெல்லாம் இல்லை. ஆனால் ரோட்டில் காலை வைத்தாலே, அடியில் குழாயில் தண்ணீர் ஓடுகிறதா வெறும் காற்றா என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு மனிதர்!

அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் பக்கம், பிரெஞ்சுக்காரர் காலத்து வால்வு ஒன்று உண்டு. மற்ற வால்வெல்லாம் வலப்பக்கம் சுற்றினால் மூடும். அது மட்டும் இடப்பக்கம். அதைக் காட்டிக்கொடுத்த பழைய ஆள் இறந்தபின், விஷயம் கோவிந்தராசுக்கு மட்டுமே தெரியும். அவர் வேலைக்கு வந்த மூன்றாம் வருடம், தினக்கூலி ஆட்களை நிறுத்தப்போவதாகப் பேச்சு வந்தது. கோவிந்தராசு அந்த விஷயத்தை விழுங்கிக்கொண்டார். யாராவது பார்த்தால் வால்வின் இரும்புச் சாவியை வலப்பக்கம் திருகுவதுபோல் மூச்சுப் பிடிப்பார். "நீங்க போய் டீ சாப்புடுங்க, இது மொரண்டு பிடிக்கும்" என்று அனுப்பிவிட்டு இடப்பக்கம் சுற்றுவார்.

பல பேரை நிறுத்தினார்கள். அவரைத் தொடவில்லை. எங்கும் போக விடவும் இல்லை. மாமனாரின் காரியத்தன்று பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பி அழைத்து வந்தார்கள்.

போன தை மாதம் அவருடைய ஒரே மகள் மேனகாவுக்கு விழுப்புரத்தில் நிச்சயதார்த்தம். பத்தரை மணிக்குத் தட்டு மாற்றவேண்டும். மனைவியும் மகளும் முதல் நாளே போய்விட்டார்கள். காலைத் தண்ணீரை விட்டுவிட்டு, புதுப் பட்டுச் சட்டையோடு கோவிந்தராசு பஸ் ஏறினார். ரெட்டியார்பாளையம் தாண்டியதும் போன். கூட வேலை செய்யும் வெற்றிவேல்.

"அண்ணே, மார்க்கெட்ல கொழாய் வெடிச்சிடுச்சு. செத்த மீனெல்லாம் திரும்ப நீந்துது! வால்வு நகரவே மாட்டேங்குது."

சொன்னால் பிழைப்புக்கு இருந்த ஒரே பிடி போகும். சொல்லாவிட்டால் மகளின் தட்டை வேறொருவர் வாங்குவார். சொல்லிவிட்டார்.

"எடது பக்கம் சுத்துடா."

"எடதா? அது தொறக்கும்ணே! நீங்க வலது பக்கம் சுத்தறத எத்தன தடவ பாத்திருக்கேன்!"

"அது நடிப்புடா. எம் பொண்ணு மேல சத்தியமா எடதுதான்."

போன் மேற்பார்வையாளர் சக்கரபாணியின் கைக்கு மாறியது. "யோவ், நிச்சயத்துக்குப் போற அவசரத்துல ஒளறாத. பழைய வால்வு, முறிஞ்சா மார்க்கெட்டே மொதக்கும். நீயே வா."

வில்லியனூரில் இறங்கி, திரும்பும் பஸ்ஸில் ஏறினார். மேனகா கூப்பிட்டாள்.

"ப்பா, எல்லாரும் வந்துட்டாங்க. எங்க இருக்கீங்க?"

"தோ வந்துட்டேம்மா" என்றார். பஸ் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

முழங்கால் தண்ணீரில் நின்று, எல்லோரும் பார்க்க, இடப்பக்கம் திருகினார். பதினான்கு சுற்று. பீறிட்ட தண்ணீர் அடங்கியது.

"அடப்பாவி மனுஷா!" மீன் விற்கும் பாக்கியலட்சுமி இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "இத்தன வருஷமா எங்க கண்ணு முன்னாடியே கூத்து கட்டினியா?"

சக்கரபாணி சிரிக்கவில்லை. "வேற எந்த வால்வுல இப்படி வச்சிருக்க?"

"இது ஒண்ணுதான் சார். சத்தியமா."

"இத மறைச்சவன் வேற எத மறைக்கமாட்ட? இனிமே நீ இல்லாம ஒருத்தனும் சாவியத் தொடமாட்டான். ஊர விட்டு எங்கியும் போவாத. போன ஆஃப் பண்ணாத."

மணி பத்தே முக்கால். போனில் மேனகா அனுப்பிய படம் வந்திருந்தது. அவர் நிற்கவேண்டிய இடத்தில் மச்சான் நின்று தட்டு வாங்கிக்கொண்டிருந்தார். மகள் முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்க நினைத்தார். ஈர விரலுக்குத் திரை அசையவில்லை. சட்டையில் துடைக்கலாம் என்றால், பட்டுச் சட்டை முழுக்க நனைந்திருந்தது.