ஏழாவது அறையில் ஓர் இடம் காலி

இதை நான் கதையாகச் சொல்லவில்லை. என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, நிஜமாகவே நடந்தது. அத்தைக்குக் கதை கட்ட வராது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே "வேற வேலை இல்லையா உங்களுக்கு?" என்று எழுந்து போகிற ஆள். அவளே ஒருநாள் நல்ல வெயில் நேரத்தில், வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னை உட்காரவைத்துச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை டம்ளரிலிருந்த காபியை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அதைப் பார்த்தபிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அத்தை ஒரு நவீன ஓவிய மியூசியத்தின் முதல் இயக்குநர். அவள் இல்லாவிட்டால் அந்த மியூசியமே இல்லை. ஓவியக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே வருஷக்கணக்கில் அதற்காக அலைந்தாள். மந்திரி மாறினால் முதலிலிருந்து விளக்க வேண்டும். அதிகாரி மாறினால் மறுபடி முதலிலிருந்து. ஒருவழியாக, மூடிக்கிடந்த பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தைத் தலையில் கட்டினார்கள். கூரை ஒழுகும். தரை முழுக்க அறுந்த வயர். அத்தை வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். ஓவியர்களின் வீட்டு வாசலில் தவம் கிடந்து, கெஞ்சி, சண்டை போட்டு, சின்னப் படங்களைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்து சேர்த்தாள்.

மொத்தம் ஏழு அறைகள் என்பது அவள் போட்ட திட்டம். ஏழாவது அறையில் பெரிய ஜன்னல். நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் வரும். ஆறு அறைகளைப் பார்த்துக் களைத்து வருகிறவர்கள் அங்கே உட்கார்ந்து ஒரே ஒரு படத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். அதுதான் அவள் ஆசை.

நிர்வாகக் குழுவின் சேர்மனுக்கு அது பிடிக்கவில்லை. சிமெண்ட் வியாபாரி அவர். ஓவியம் என்றால் காலண்டர்.

"ஏ.சி. மெஷினை எங்கம்மா வைக்கிறது, உங்க தலையிலயா?"

ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஆறாவது அறையிலிருந்து போகும் வழியையும் அடைத்துச் சுண்ணாம்பு பூசினார்கள். உள்ளே மெஷின். பின்பக்கத்தில் ஒரு இரும்புக் கதவு. அத்தை மாதக்கணக்கில் மல்லுக்கட்டினாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மியூசியம் திறந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் கழிப்பறை எங்கே என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார்கள். மீதிப் பேர் "இது நேராத்தான் மாட்டியிருக்கா?" என்று கேட்டார்கள். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

அப்போதுதான் ஒரு டீச்சர் வந்தார். பள்ளிப் பிள்ளைகளோடு. மூக்குக் கண்ணாடியில் முத்துச் சங்கிலி தொங்கும். வெளியே வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"மத்ததெல்லாம் புரியலங்க மேடம். ஆனா அந்தக் கடைசி ரூம் இருக்கே... அப்படியே உக்காந்துட்டேன். அங்க இருந்தவங்க ரொம்பப் பொறுமையா சொன்னாங்க."

"யாரு?"

"அதான், காட்டன் புடவை கட்டிக்கிட்டு, வயசானவங்க. பெரிய ஜன்னல் பக்கத்துல."

ஆறாவது அறையில் ஜன்னல் கிடையாது. விளக்கிச் சொல்லவும் ஆள் கிடையாது. இருந்த இரண்டு காவலாளிகளும் ஆண்கள்.

வேறு எங்கோ பார்த்ததைப் போட்டுக் குழப்புகிறார் என்று அத்தை விட்டுவிட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு ரிட்டயர்ட் பஸ் டிரைவர். அவரும் அதையே சொன்னார். பெரிய ஜன்னல். காட்டன் புடவை. ஒரே ஒரு படம்.

"என்ன படம்?" அத்தையின் குரல் அவளுக்கே எரிச்சலாகக் கேட்டது.

"நீளமா ஒரு பெஞ்சு மேடம். வரிசையா ஆளுங்க உக்காந்திருக்காங்க, எதுக்கோ காத்துட்டிருக்க மாதிரி. கடைசியா ஒரு டீச்சரம்மா. கண்ணாடியில முத்துச் சங்கிலிகூட அப்படியே இருக்கு, தொட்டா ஆடும்போல. பக்கத்துல ஒரு இடம் காலி."

பிள்ளைகளோடு வந்த அந்த டீச்சரின் கண்ணாடி அத்தைக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். அதை அவளே ஒத்துக்கொண்டாள். பாதி ஆயுளைக் கொட்டிக் கட்டிய மியூசியம். அதில் ஜனங்களுக்குப் பிடித்தது, அவள் வைக்காத ஒரு படம். அவளுக்குக் கொடுக்காத ஒரு அறை. அதையும் யார் யாரோ பார்க்கிறார்கள். அவள் கண்ணில் மட்டும் படவில்லை.

தினமும் ஆறாவது அறைச் சுவரின் முன்னால் போய் நின்றாள். தட்டிப் பார்த்தாள். கெட்டிச் சுவர்.

ஒருநாள் மதியம் கரண்ட் போனது. ஏ.சி. மெஷினின் உறுமல் சட்டென்று நின்றது. கட்டடமே மூச்சை நிறுத்திய மாதிரி இருந்தது. அத்தை சுவரின் அருகில்தான் இருந்தாள்.

சுவருக்குள் பேச்சுச் சத்தம்.

ஒரு பெண் குரல். மெதுவாக, பாடம் சொல்வதுபோல. நடுநடுவே யாரோ "ம்... ம்..." என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

அத்தை சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம். வெளியே கொளுத்தும் வெயில். பூட்டைத் திறந்தாள். இரும்புக் கதவைத் தள்ளினாள்.

மெஷின். தூசி. அடைத்த ஜன்னல். ஆள் இல்லை.

ஆனால் வாசனை... பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் வாசனை. ஈரம் காயாத ஆயில் பெயின்ட். வாழ்நாள் முழுக்க அவள் மோந்த வாசனை. தப்பாகத் தெரிய வாய்ப்பில்லை.

"யார் உள்ளே?"

மெஷினுக்குப் பின்னால் மரம் கிறீச்சிட்டது. பெஞ்சில் யாரோ நகர்ந்து உட்காருகிற சத்தம்.

ஒருவர் இல்லை...

பலர்.

பிறகு அந்தக் குரல். மரியாதையாக. காதருகில்.

"உங்களுக்கு இங்க இடம் இல்ல மேடம். போங்க."

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அத்தை வெயிலில் நின்றாள். அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "பயந்தேன்டா, இல்லைங்கல. ஆனா அதைவிட அழுகைதான் வந்தது. எவனெவனோ என்னை வெளிய போகச் சொன்னான். கடைசியில அதுவும் சொல்லிடுச்சு."

அடுத்த வருஷம் அவளை மாற்றினார்கள். கூட்டம் வரவில்லை என்று காரணம். புது இயக்குநர் சேர்மனின் மச்சினன். வழியனுப்பு விழாவில் மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, பதவியைப் பிடுங்கினார்கள். விழா முடிந்து அவள் கிளம்பும்போது சேர்மன் ஆறாவது அறையிலிருந்து வேகவேகமாக வந்தார். திறப்பு விழாவுக்குப் பிறகு அன்றுதான் அவர் உள்ளே சுற்றிப் பார்த்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்னம்மா நீங்க! இப்படி ஒரு ரூமை எங்ககிட்ட சொல்லவே இல்லையே? அந்தப் பெஞ்சுப் படம்... உக்காந்தவன் எழுந்திருக்கவே மனசு வரல."

சுவர் எழுப்பிய மனிதர்! அத்தை டாக்சியில் ஏறினாள். வீடு வரை அழுதாள்.

பத்தே நாளில் சேர்மன் தூக்கத்தில் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் அத்தை மியூசியத்தின் டிக்கெட் கவுண்டர் பெண்ணைப் பார்த்தாள். ஏதேதோ பேசிவிட்டு அந்தப் பெண் சொன்னாள்:

"அந்த முத்துச் சங்கிலி டீச்சர் ஞாபகம் இருக்கா மேடம்? அதே ஸ்கூல்லேர்ந்து இந்த வருஷம் வேற டீச்சர் வந்தாங்க. கேட்டேன். இங்க வந்துட்டுப் போன அதே மாசம் தவறிட்டாங்களாம். அந்த பஸ் டிரைவரும் இல்ல. அப்பா கடைசியா சந்தோஷமா போய்ப் பாத்த இடம்னு அவர் பொண்ணு வந்து நின்னு அழுதாங்க."

அத்தை எப்படி வீடு வந்து சேர்ந்தாளோ, அவளுக்கே தெரியாது. செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது.

என் அப்பா. வேலை விஷயமாக அந்தப் பக்கம் போயிருந்தார்.

"அக்கா, இத்தனை நாளா கூப்பிட்டியே, இன்னைக்குத்தான் உன் மியூசியத்தை முழுசாப் பாத்தேன். கடைசி ரூம்தான்க்கா டாப்பு. பெஞ்சுல வரிசையா ஆளுங்க... ஓரத்துல உங்க சேர்மன் மாதிரியே ஒருத்தர்."

அத்தை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"பக்கத்துல ஒரு இடம் காலியா விட்டிருக்காங்க. நல்லா இருக்குக்கா, அந்த ஐடியா... அக்கா? லைன்ல இருக்கியா?"

அடுத்த வியாழக்கிழமை அப்பாவைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தோம். அதுவரை ஒரு தலைவலி மாத்திரைகூடச் சாப்பிடாதவர்.

அத்தை எழுதாத இடமில்லை. அந்தக் கட்டடத்தை மூடுங்கள் என்று கேட்டாள். பதவி போன வயிற்றெரிச்சல் என்று சிரித்தார்கள்.

மியூசியம் இன்றும் திறந்துதான் இருக்கிறது. இப்போதெல்லாம் கூட்டம் நன்றாக வருகிறதாம்.