சாவி போடாமல் சுற்றிய ஃபேன்

நம்புகிறவர்கள் நம்பட்டும். இது நடந்தது. எங்கள் தெரு வேன்காரருக்கு நடந்தது. பொய் பேசிப் பழக்கமில்லாத மனிதர் அவர், ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

வீட்டுச் சாமான் ஏற்றும் பழைய வேன் அவருடையது. என்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியில். காற்று புகவே வழியில்லை. சின்ன மேடு ஏறினாலும் கொதித்துவிடும். அதனால் ரேடியேட்டருக்கு முன்னால் கூடுதலாக இரண்டு ஃபேன் மாட்டியிருந்தார். பேட்டரியிலிருந்து நேராக வயர். சாவியை எடுத்த பிறகும் சூடு தணியும்வரை சுற்றும்.

அதற்குள் பேட்டரி இறங்கிவிடும். காலையில் வண்டியைத் தள்ள வேண்டும். ஒருநாள் எரிச்சலில் அந்த ஃபேன்களின் பியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டார். மறுநாள் விடியலில் வேனை எடுத்துப் போனது அவருடைய மச்சினன். மனைவிக்கு ஒரே தம்பி. வண்டி கிளம்பும் சத்தம் படுக்கையில் இருந்தவருக்குக் கேட்டது. 'பியூஸ் இல்லைன்னு சொல்லணுமே' என்று நினைத்தார். தூக்கம் சொக்கியது. புரண்டு படுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது மேட்டுச் சாலையில் வண்டி கொதித்தது. மச்சினன் பதறிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். கொதிநீர் முகத்தில் அடித்தது. கண் தெரியாமல் பின்னால் போனவன் மேல் லாரி ஏறிவிட்டது.

"அவசரக்குடுக்கை. சூட்டோட யாராவது மூடியைத் திறப்பானா?" என்றார்கள் துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம். வேன்காரரும் தலையை ஆட்டினார். யாரும் பார்க்காத நேரத்தில் பியூஸைத் திரும்பச் செருகினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்குச் சோறே இறங்கவில்லை. மனைவி தம்பியின் சட்டையை மடித்து வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் உண்மை வாய் வரை வரும். விழுங்கிவிடுவார்.

அதன் பிறகு வேன் கொதிக்கவே இல்லை. எந்த மேடானாலும் சரி, எவ்வளவு பாரமானாலும் சரி. சூடு காட்டும் முள் அசையவே அசையாது. புது வண்டி கூட இப்படி ஓடாது. அது அவருக்கு நல்லதாகப் படவில்லை. ஆனால் முன்பக்கம் குனிந்து பார்க்கத் துணிவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல பகல். இரண்டு நாளாக எடுக்காத வேனைத் துடைக்கப் போனார்.

ஊஊஊம்ம்...

ஃபேன் சத்தம்.

என்ஜின் மூடியைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. சாவி அவர் கையில்.

பியூஸைப் பிடுங்கினார். சத்தம் நிற்கவில்லை.

பேட்டரி வயரைக் கழற்றினார்.

இன்னும் வேகமாகச் சுற்றியது... ஊஊஊஊம்ம்...

"தெரியாம பண்ணிட்டேன்டா..." என்றார்.

நின்றது.

மூச்சு விட்டார்.

மறுபடி... ஊஊம்ம்...

தெரியாமல் இல்லையே. தெரிந்துதானே புரண்டு படுத்தார்.

ஓட்டமாக ஓடினார்.

ஃபேன் மாட்டித் தந்த எலக்ட்ரீஷியனைக் கையோடு கூட்டி வந்தார். அப்போது சத்தம் இல்லை. அவர் முன்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு வேன்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஃபேனைச் சொல்றீங்க?"

உள்ளே வெறும் ரேடியேட்டர். போல்ட் இருந்த ஓட்டைகள் மட்டும்.

"காரியம் முடிஞ்ச மறுநாளே உங்க வீட்டம்மா கழட்டச் சொன்னாங்களே. உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

வேன்காரர் வீட்டுக்குப் போனார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பியூஸ், படுக்கை, தூக்கம், எல்லாம். சொல்லி முடித்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவள் அழவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அன்னிக்கு மத்தியானம் தம்பி வந்தான். மூஞ்சி எரியுது, தண்ணி குடுன்னான். மாமா பியூஸைக் கழட்டினதை ஒரு வார்த்தை சொல்லலியே அக்கான்னான். தண்ணி எடுக்க உள்ள போனேன்..."

மடித்த துணியை வைத்தாள்.

"திரும்பி வந்தா ஆளைக் காணோம். அப்பதான் போன் வந்துச்சு. அவன் உயிர் போய் ஒரு மணி நேரம் ஆச்சுன்னாங்க."