ஸ்டெல்லா சித்தியின் வாசல்

இயற்பியல் வகுப்பில் இருந்த என்னைத் தலைமையாசிரியை வெளியே அழைத்தார். திருவொற்றியூர் பேருந்து நிறுத்தத்தில் ஸ்டெல்லா சித்தி மயங்கி விழுந்தார் என்றும், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது என்றும் சொன்னார். அன்று காலையில்தான் சித்தி என் சடையைப் பின்னிவிட்டு, "அழுதா இன்னும் இறுக்குவேன்டி" என்று மிரட்டியிருந்தார். அந்தச் சடையோடுதான் வீட்டுக்கு ஓடினேன்.

நாளை கோயிலில் அடக்கப் பூசை முடிந்ததும் அவரைப் பற்றி நான் பேச வேண்டும். அதை அவருடைய லேப்டாப்பிலேயே ஒளிந்து எழுதுகிறேன். "அந்த லேப்டாப்ப யாரும் தொடாதீங்க" என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். அதிலுள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு எண்ணூரில் இருக்கும் தன் தம்பிக்குக் கொடுக்கப் போகிறாராம். திரைக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் தட்டுவதை நிறுத்திவிடுகிறேன்.

சித்தியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்துக் கன்டெய்னர் அலுவலகம் ஒன்றில் அவருக்குக் கணினி வேலை. ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் திருவிழாவில், ஹவுசி ஆட்டத்தில், எல்லோரும் சீட்டில் அடிக்க எண் கூப்பிடுவதும் அவர்தான். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பார். ஒரு வருடம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "இனிமே நா வரலன்னாலும் என் கொரலு கூப்புடணும்" என்று, ஒன்று முதல் தொண்ணூறு வரை பதிவு செய்தார். எண்ணைக் குலுக்கி எடுத்து ஒலிக்க, பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு நிரலும் எழுதத் தொடங்கினார். பள்ளி ப்ராஜெக்டுக்காக நானும் அப்போது பைத்தானில் தடுமாறிக்கொண்டிருந்தேன். இருவருக்கும் ஒரே லேப்டாப்.

குரலை ஒலிக்கச் செய்ய ஒரு பேக்கேஜ் தேவைப்பட்டது. யாரோ எழுதிவைத்த நிரலை இறக்கி நம் கணினியில் நிறுவிக்கொள்வதுதான் அது. அதை எங்கே நிறுவுவது என்பதில் சித்திக்குச் சந்தேகமே இல்லை. பாஸ்வேர்டு கொடுத்து, கணினியின் பொது இடத்தில் நிறுவினார்.

"பொதுவுல கெடந்தா உனக்கும் ஆவும்ல?"

ஆகவில்லை. வந்த பேக்கேஜ், என் ப்ராஜெக்டுக்கு வேண்டிய இன்னொரு பேக்கேஜையும் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டது. பழைய பதிப்புக்காக எழுதிய, மறுநாள் ஆசிரியரிடம் காட்ட வேண்டிய ப்ராஜெக்ட், திறந்ததுமே பிழை பிழையாகக் கொட்டியது.

எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பில், பொது நடையில் தண்ணீர் டிரம் வைப்பவர்களோடு சித்தி சண்டை போடாத வாரமே கிடையாது. அவரைப் போலவே இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்தினேன்: "அவங்கவங்க டிரம்மு அவங்கவங்க வாசல்ல! நடைல வெச்சா மத்தவங்க எப்டி போறது?"

சித்தி முறைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே கட்டிலில் சாய்ந்தார். "அடிப்பாவி, என் டயலாக்க வெச்சே என்ன அடிச்சிட்டியேடி! சரி, ஆளுக்கொரு வாசல் போடு."

போட்டோம். அவரவர் கோப்புறைக்குள் அவரவர் பேக்கேஜ். ஒன்று மற்றதைத் தொடாது. அவருடையதற்கு 'ஸ்டெல்லா வாசல்' என்று பெயர் வைத்தார். தன் குரல் பதிவுகளையும் நிரலையும் அதற்குள் போட்டு, என்னென்ன பேக்கேஜ் வேண்டும் என்பதையும் அங்கேயே குறித்து வைத்தார். "நாளைக்கி வூடு மாறுனா கூட, இத்த அப்டியே தூக்கிகினு போய்க்கலாம்" என்றார்.

அதைத்தான் சற்றுமுன் என் பென்டிரைவில் ஏற்றினேன். சரியாக வந்திருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தேன். அவசரத்தில் ஒலியைக் குறைக்க மறந்துவிட்டேன்.

"எம்பத்தெட்டு! ரெண்டு தண்ணி டிரம்மு, வாசல்லியே வெய்யிங்கடி!"

இருமல் நின்றது. சித்தப்பா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். நான் பென்டிரைவைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"அவளா?" என்றார்.

தலையை ஆட்டினேன். தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனுக்கு ஒரேயொரு வாட்டிதான் ஹவுசில பரிசு வுழுந்துது, ஒரு குக்கரு. எம்பத்தெட்டுக்குத்தான். அந்தக் குக்கரயும் இவளே வாங்கி வூட்டுக்கு எட்தாந்துட்டா." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு நம்பரு போடு."

போட்டுக்கொண்டே இருக்கிறேன். லேப்டாப்பைத் தம்பிக்குக் கொடுக்கும் பேச்சையே காணோம்.

போய் வாருங்கள், சித்தி. வருகிற திருவிழாவுக்கும் எண் கூப்பிடப் போவது நீங்கள்தான். சித்தப்பா இப்போதே ஒரு சீட்டும் பென்சிலும் எடுத்துவந்து உட்கார்ந்துவிட்டார்.