கஞ்சி போடாத காகிதம்

வியாழன் காலை பத்தே காலுக்கு ஜமால் பாய் போன் செய்தார். கொடைக்கானல் பஜாரில் ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவர்.

"அக்கா, வெரசா கடைக்கு வாங்க. ஒங்க பேப்பர் மை குடிக்குது." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

வீட்டில் காகிதம் செய்யத் தொடங்கிய எனக்கு அதுதான் முதல் ஆர்டர். பாயின் மகள் சபீனாவின் நிக்காஹ் அழைப்பிதழுக்கு அறுபது தாள். அச்சடித்த கார்டு வேண்டாம், தானே கைப்பட எழுதுவேன் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். சனிக்கிழமை காலை பழனி பஸ்ஸில் அவை போயாக வேண்டும்.

செய்முறையில் குறை வைத்ததாகத் தெரியவில்லை. பழைய பரீட்சைத் தாள்களைக் கிழித்து ஊறவைத்து, சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவிட்டு, நன்றாக அலசி, மிக்ஸியில் கூழாக்கினேன். மரச்சட்டத்தில் அடித்த கொசுவலையில் கூழை அள்ளி, பழைய வேட்டித் துணியில் கவிழ்த்து உலர்த்தினேன். அழகுக்குப் பூண்டி கிராமத்திலிருந்து வந்த பூண்டுத் தோலும் சேர்த்திருந்தேன். அறுபத்து நான்கு தாள். ஓரத்துத் துண்டில் எழுதியும் பார்த்தேன், பால்பாயின்ட் பேனாவால்.

கடையில் சபீனா மைப்பேனாவுடன் நின்றாள். "பாருங்க ஆன்ட்டி. 'அன்புள்ள'ன்னு எழுதுனேன். கம்பளிப்பூச்சி ஆயிருச்சு."

ஒவ்வொரு எழுத்துக்கும் ரோமம் முளைத்திருந்தது.

"பேசாம நம்ம கடை கார்டையே அனுப்பிருவமா, தாயி?"

"மாட்டேன், அத்தா."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தப்பா நெனைக்காதீங்கக்கா. இந்த மூடுபனியிலயும் ஒங்க சேலை தகரம் கணக்கா வெறப்பா நிக்குது. பேப்பர் மட்டும் ஏன் இப்படித் துவண்டு கெடக்கு?"

தாள்களை வாரிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஞாயிறுதோறும் சேலைக்குக் கஞ்சி போடுகிறவள் நான். மை ஊறாமலிருக்க ஆலைக் காகிதத்துக்கும் அப்படி ஒரு பூச்சு உண்டு, சைஸிங் என்பார்கள். ஊறவைத்துக் கொதிக்கவிட்டு அதை நானே கழுவிக் கொட்டியிருக்கிறேன். திரும்பப் போடவில்லை.

சேலைக்கு வைக்கும் பதத்திலேயே கஞ்சியை முதல் தாளுக்குப் பூசினேன். காய்ந்ததும் மடித்தேன், அப்பளமாக உடைந்தது. பிறகு ஒரு கரண்டி வடிகட்டிய கஞ்சிக்கு ஆறு கரண்டி வெந்நீர். பிரஷ் இழுத்ததில் இரண்டு கிழிந்தன. வெளியே பனி விலகுவதாக இல்லை. ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தேன். தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காயவில்லை. கடைசியில் மேலே துணி விரித்து ஒவ்வொன்றாக அயர்ன் பண்ணினேன்.

வெள்ளி மதியம் எண்ணினேன். சபீனா எழுதிக் கெடுத்ததைத் தள்ளினால் சரியாக அறுபது. அவள் ஓர் எழுத்துக்கூடப் பிழை விடக் கூடாது.

கடையில் உட்கார்ந்து அவள் முதல் வரியை எழுதினாள். மை பரவவில்லை. இரண்டாவது தாளிலும் பரவவில்லை. எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

"ஆன்ட்டி, நீங்க மூச்சு விடுறதுல என் கை நடுங்குது. போய் டீ குடிச்சிட்டு வாங்க."

மூன்று டீ குடித்தேன். சனிக்கிழமை அறுபதும் பஸ் ஏறின.

இப்போது யார் தாள் கேட்டாலும் என் முதல் கேள்வி, "எதால எழுதப் போறீங்க?" என்பதுதான். அளவும் எண்ணிக்கையும் அதற்குப் பிறகு.

அந்தத் திங்கட்கிழமை எனக்கும் ஓர் அழைப்பிதழ் வந்தது. அந்த அறுபத்து நான்கில் ஒன்றுதான். முதல் வார்த்தை கம்பளிப்பூச்சி, "அன்புள்ள." அதை ஒட்டி பால்பாயின்ட் பேனாவால் தெளிவாக, "ஆன்ட்டிக்கு."